பிள்ளையின் வாய்க்கதையும் பள்ளிக் கட்டுரையும்

(தமிழாசிரியர் அவையொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பள்ளி மணி அடிக்கச் சிறிது பொழுது இருக்கிறது. வேப்பமரத்தடியில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தோழர் நால்வர்க்குக் கதை சொல்லிக் கொண்டிருக்கிறான். முதல்நாள் மாலை அவன் வீட்டு ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்துவிட்டது. குட்டி எப்படிக் கத்தியது, தாயாடு கிணற்றுமேட்டைச் சுற்றிச் சுற்றி எப்படி ஓடியது, மாமன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு எப்படி இறங்கினான், கயிறு அறுந்துவிடுமோ என்று பாட்டி எப்படி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள் என்பதையெல்லாம் அவன் கையும் கண்ணும் குரலும் சேர்ந்து சொல்லுகின்றன. கேட்கும் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனர். இத்தகைய காட்சியைக் காணாத பள்ளி தமிழ்நாட்டில் இராது.

மணி அடிக்கிறது. அன்று கட்டுரைப் பாடம். "மறக்க முடியாத நிகழ்ச்சி" என்று கரும்பலகையில் தலைப்பு எழுதப்படுகிறது. அதே மாணவன் தன் ஏட்டைத் திறக்கிறான். மாந்தராய்ப் பிறந்த ஒவ்வொருவர் வாழ்விலும் மறக்க முடியாத நிகழ்ச்சிகள் பல உண்டு என்று தொடங்குகிறான். அடுத்து, தான் ஒருநாளும் போகாத ஒரு மலையூருக்குச் சுற்றுலாப் போகிறான். அங்கே இயற்கை எழில் கண்ணைக் கவர்கிறது. உள்ளம் உவகையில் துள்ளுகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றும் முறையாக அமைந்துவிடுகின்றன. பத்துக்கு ஏழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆட்டுக்குட்டி மட்டும் இன்னும் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

மரத்தடியிலிருந்து பலகைக்கு வரும் ஐம்பதடித் தொலைவில் அந்தப் பிள்ளையின் தமிழுக்கு நேர்ந்தது என்ன? இன்றைய உரையின் பொருள் இதுவே.

கட்டுரை என்னும் சொல் இன்று பள்ளிப் பிள்ளைகளை அச்சுறுத்தும் சொல்லாகிவிட்டது. பழந்தமிழில் அதற்கு அந்நிலை இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதை என்றே ஒரு பகுதி உண்டு. மதுரை எரிகிறது, சினம் தணியாத கண்ணகியின் முன் மதுராபதி என்னும் தெய்வம் வருகிறது. நேரே வர அஞ்சிப் பின்புறமாக வருகிறது. வந்து அது செய்வதென்ன? கதை சொல்லுகிறது. பாண்டியர் ஆட்சியின் நேர்மையைக் காட்டும் கதையைச் சொல்லுகிறது. கோவலனின் முற்பிறப்புக் கதையைச் சொல்லுகிறது. ஊரையே எரித்தவளை நிறுத்திக் கேட்க வைத்த பேச்சுக்குத்தான் அந்தக் காப்பியத்தில் கட்டுரை என்று பெயர். அந்தப் பெயரைக் கொண்டுவந்து மூன்று உட்தலைப்புகளுக்குள் அடைத்தது பிற்காலத் தேர்வு முறை.

கதை சொல்லுவது பாட்டிமார் வேலை, இலக்கியத்தின் வேலையன்று என்று கருதுவோரும் உளர். தொல்காப்பியர் அவ்வாறு கருதவில்லை. செய்யுளியலில் உரைநடையின் வகை நான்கு என்று கூறும் அவர், நடந்த பொருளைச் சாராது கட்டிச் சொல்லும் மொழியையும், பொருளோடு கூடி நகை விளைக்கும் மொழியையும் அந்நான்கில் இரண்டாகச் சேர்த்துள்ளார். அந்த ஆசானின் வழியில் வந்த மொழியில், பிள்ளை கட்டிச் சொல்லும் கதைக்கு வகுப்பறையில் இடமில்லையென்றால் பிழை யாருடையது?

இனி, கதைப்பத்தி எழுதக் கற்பிப்பது எப்படி என்று கேட்போர் பலர். அதற்கு அயல்மொழிக் கையேடுகளைப் புரட்டுவோரும் உளர். பிறர் நூலில் நல்லது இருந்தால் கொள்ளலாம், தடையில்லை. ஆனால், வீட்டு அடுக்குப் பானையில் இருப்பதைப் பார்க்காமலே அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவது முறையாகாது.

கலித்தொகையில் குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடிய பாட்டொன்று உண்டு, ஐம்பத்தோராம் பாட்டு. பதினாறே அடிகள். பெண்ணொருத்தி தன் தோழியிடம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறாள். முதற்சொல்லிலேயே தோழியை விளித்துக் கேள் என்கிறாள். உடனே ஆளைக் காட்டுகிறாள்: அவன் தெருவில் தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், சூடிய மாலையை அறுத்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன். மூன்று செயல்களிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. அவன் நிறமோ உயரமோ சொல்லப்படவில்லை. பின்னர் ஒருநாள் தாயும் மகளும் வீட்டிலிருக்கும்போது, அதே பயல் இப்போது இளைஞனாக வாயிலில் வந்து பருகத் தண்ணீர் கேட்கிறான். தாய் பொற்கலத்தில் நீரைக் கொடுத்து மகளையே அனுப்புகிறாள். வந்தவன் இன்னானென்று அறியாமல் இவள் போகிறாள். அவன் வளையணிந்த முன்கையைப் பற்றி இழுக்கிறான். மருண்டவள், அம்மா, இவன் செய்ததைப் பார் என்று கூவிவிடுகிறாள். தாய் அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். அந்த ஒரு நொடியில் இவள் உள்ளத்தில் ஏதோ மாறுகிறது. தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று சொல்லிவிடுகிறாள். தாயும் அதை நம்பி அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ கடைக்கண்ணால் இவளைக் கொல்லுவான் போல் பார்த்துச் சிரிக்கிறான். அவ்வளவே பாட்டு.

ஆசிரியப் பெருமக்கள் இந்தப் பாட்டை மேல்வகுப்புகளில் திணை, துறை கூறி, அருஞ்சொற்பொருள் கூறி நடத்துகின்றனர். அதுவும் வேண்டியதே. ஆனால், கதை எழுதக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் வேறு மொழியில் தேடினாலும் எளிதில் கிடைக்காது என்பதை எத்தனைப் பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர்? இப்பாட்டில் காதல் என்னும் சொல் இல்லை. நாணம் என்னும் சொல் இல்லை. அவள் ஏன் பொய் சொன்னாள் என்று எவரும் விளக்கவுமில்லை. பொய் மட்டும் இருக்கிறது. கேட்டவர்க்கு மற்றவை விளங்கிவிடுகின்றன. "மிக்க மகிழ்ச்சியுற்றேன்", "பெருந்துயரில் ஆழ்ந்தேன்" என்று வரிக்கு வரி எழுதும் மாணவனுக்கு, மகிழ்ந்தவன் என்ன செய்தான் என்பதை எழுது, போதும் என்று சொல்லப் புதிய கலைநூல் எதுவும் வேண்டுவதில்லை. தொடக்கத்தில் அவனைப் பட்டிப்பயல் என்று வைகிறாள். முடிவிலும் கள்வன் என்றே வைகிறாள். இரண்டும் வசவுதான். ஆனால் முதல் வசவில் இருந்த சினம் இரண்டாவதில் இல்லை. முடிவுரை என்று தனியே ஒன்று இங்கு இல்லை என்பதையும் காண்க. அவன் சிரித்ததும் பாட்டு நின்றுவிடுகிறது. நிகழ்ச்சி முடிந்தபின் நீதி கூறித்தான் ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தால் பிள்ளைகளின் நல்ல கதைகள் எத்தனையோ கடைசி மூன்று வரியில் செத்துப்போகின்றன.

இன்னுமொரு நுட்பம் உண்டு. மற்று என்னும் இடைச்சொல் இப்பாட்டில் இருமுறை வருகிறது. அவன் கையைப் பற்றுமிடத்தில் ஒருமுறை; அவன் கடைக்கண்ணால் நோக்குமிடத்தில் ஒருமுறை. இரண்டும் கதை திரும்பும் இடங்கள். தொல்காப்பியர் மற்று என்பதற்கு வினைமாற்று, அசைநிலை என இரு நிலை கூறுவர். நடந்துகொண்டிருக்கும் வினை மாறுகிறது என்று காட்டும் சொல் அது. இன்றோ அச்சொல் ஆங்கில இணைப்புச் சொல்லுக்கு ஆளாக வேலை பார்க்கிறது. "அவன் வந்தான் மற்றும் உண்டான்" என்று எழுதும் கொடுமை ஏடுகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும் பெருகிவிட்டது. தமிழில் வந்து உண்டான் என்றால் முடிந்தது.

இவ்விடத்தில் இலக்கண வகுப்பும் கட்டுரை வகுப்பும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். வினையெச்சம் என்றால் என்ன என்று கேட்டால் மாணவன் வரையறையை ஒப்பிப்பான். அதே மாணவன் கதை எழுதினால், "மாமன் கயிற்றைக் கட்டினான். பிறகு இறங்கினான். பிறகு குட்டியைத் தூக்கினான். பிறகு மேலே வந்தான்" என்று பிறகு மேல் பிறகாக அடுக்குவான். "மாமன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, குட்டியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மேலேறி வந்தான்" என்று மரத்தடியில் சொன்னவனும் அவனே! வாய் அறிந்த இலக்கணத்தைக் கை அறியவில்லை. தமிழ் வினையெச்சம் கதைக்கென்றே வாய்த்த கருவி. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம், பெரும்பாலும் ஒருவன் செயலை அவனுடைய அடுத்த செயலோடு கோக்கும். செய என்னும் வாய்பாட்டு எச்சம் ஒருவர் செயலை மற்றவர் செயலோடும் கோக்கும். மாமன் இறங்க, பாட்டி விம்ம, தாயாடு கத்த, ஊரே கூடிவிட்டது என்னும்போது நான்கு பேர் ஒரே சொற்றொடருக்குள் நிற்கின்றனர். ஆனால் எந்நேரமும் இந்தச் சங்கிலியை நீட்டிக்கொண்டே போகவும் கூடாது. அச்சம் மிகும் இடத்தில் சொற்றொடர் தானே குறுகும். கயிறு ஆடியது. குட்டியின் குரல் நின்றது. பாட்டி கண்ணை மூடிக்கொண்டாள். எங்கே கோப்பது, எங்கே அறுப்பது என்பதை மாணவன் தன் குரலையே கேட்டு அறிந்துகொள்ளலாம். அதற்கு அவன் எழுதியதை உரக்கப் படிக்க விடவேண்டும்.

கால வழுவமைதியும் அப்படியே. இன்னும் வாராதவன் இதோ வந்துவிட்டேன் என்பது விரைவு பற்றி வந்த வழுவமைதி என்று நன்னூல் வகுப்பில் படிக்கிறான். கதையில் குட்டி விழும் இடத்தில், பார்க்கிறேன், குட்டியைக் காணோம் என்று நிகழ்காலத்துக்குத் தாவினால், சிவப்பு மை அதைச் சுழித்துவிடுகிறது. இரட்டைக்கிளவிக்குச் சலசல, மளமள என்று எடுத்துக்காட்டுத் தெரியும். கிணற்று நீர் சளசளத்தது என்று எழுதக் கை கூசும். நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சி ஆண்டுதோறும் நடக்கிறது. அந்தப் பயிற்சியின் வேரும் ஆங்கில இலக்கணப் பாடத்தில்தான் இருக்கிறது. கலித்தொகைப் பெண்ணின் பாட்டில் வரும் பேச்சுகள் நான்கும் நேர்பேச்சே. என, என்று, என்றாள் என்னும் சொற்களை வைத்துக்கொண்டு யார் பேச்சையும் அவரவர் குரலிலேயே கொண்டுவந்து நிறுத்தலாம் என்னும்போது, பாட்டியின் கூக்குரலைப் பாட்டி கூவியதாக மாணவன் கூறினான் என்று ஏன் திரிக்க வேண்டும்?

இனிச் சொல்லப்போவது தனித்தமிழ் அன்பர்களுக்குச் சற்றுக் கசக்கலாம். ஆயினும் சொல்லியாக வேண்டும். மரத்தடிக் கதையைக் கொன்றதில் தேர்வு முறைக்கு மட்டுமன்றி, நல்லெண்ணம் கொண்ட தமிழாசிரியரின் சிவப்பு மைக்கும் பங்குண்டு.

மிதிவண்டியில் சந்தைக்குப் போன கதையைப் பிள்ளை ஒருவன் எழுதுகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். "சைக்கிள் டயர் பஞ்சர் ஆகிவிட்டது" என்று எழுதுகிறான். ஆசிரியர் மூன்று சொல்லையும் அடித்துவிட்டு, மேலே படிக்காமலேயே, கொச்சை, அயற்சொல் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இருட்டுகிற வேளையில் ஆறு கல் தொலைவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும், வழியில் முன்பின் அறியாத கிழவி ஒருத்தி அழைத்துக் கூழ் ஊற்றியதும் அடுத்த பக்கத்தில் இருந்தன. அவர் அங்கே போகவில்லை. அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்வான்? தன் வாழ்க்கை தமிழில் எழுதத் தகாதது என்றே கற்றுக்கொள்வான். அடுத்த முறை மலையூர்ச் சுற்றுலாவையே எழுதுவான். அதில் அயற்சொல் ஒன்றும் இராது; உயிரும் இராது. இத்தகைய பிள்ளை வளர்ந்தபின், தமிழ் விழாவுக்கு உரிய மொழி, வாழ்வுக்கு உரியதன்று என்று கூறினால், அவனை மட்டும் நோவதில் என்ன பயன்?

உண்மையில், தனித்தமிழுக்குக் கதையைப் போல் உற்ற துணை வேறில்லை. அயற்சொற்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களாகவே நுழைகின்றன. கதையோ வினைச்சொல்லில் வாழ்வது. விழுந்தான், எழுந்தான், ஓடினான், ஒளிந்தான், பறித்தான், மறைத்தான், விக்கினான் என்னும் சொற்களில் எதற்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது? ஆங்கில வினையைத் தமிழால் நேரே விழுங்க முடிவதில்லை. பண்ணு என்னும் ஊன்றுகோலைக் கொடுத்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது. டிரைவ் பண்ணினான், வெயிட் பண்ணினான், ஹெல்ப் பண்ணினான் என்று மூன்று முறை பண்ணியும் ஒன்றும் நிகழ்ந்ததாகத் தெரிவதில்லை. ஓட்டினான், காத்திருந்தான், கைகொடுத்தான் என்றால் ஆள் கண்முன் வருகிறான். எனவே, பஞ்சர் என்பதற்குச் சொல்லாக்கக் குழுவைத் தேடி ஓட வேண்டுவதில்லை. என்ன நடந்தது என்று பிள்ளையையே கேட்டால் போதும். முள் குத்தியது; காற்று இறங்கிவிட்டது என்பான். அதைவிடத் தூய தமிழ் எது?

தனித்தமிழின் தந்தையாகிய மறைமலையடிகளின் வாழ்வே இதற்குச் சான்று. அவரும் கதை எழுதினார். நாகநாட்டரசி எனப்படும் குமுதவல்லி கதையை 1911-இல் வெளியிட்டார். அது ஆங்கிலக் கதையொன்றின் தழுவல். கோகிலாம்பாள் கடிதங்கள் என்னும் புதினத்தை 1921-இல், கதைமாந்தர் எழுதும் மடல்களாகவே அமைத்து வெளியிட்டார். அவர் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டது 1916-இல். அதற்கு முன் எழுதிய நூல்களை அவர் எரித்துவிடவில்லை. பின்னைப் பதிப்புகளில் வடசொற்களைக் களைந்து தமிழ்ச் சொற்களைப் பெய்து திருத்தினார். வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலையாக்கியதும், ஞானசாகரம் என்னும் தம் இதழை அறிவுக்கடலாக்கியதும் முன்பே நிலைபெற்றிருந்தவற்றின் மேல் செய்த திருத்தங்களே. எழுதுவது முதலில், தூய்மை செய்வது அடுத்து என்பது அடிகளார்க்கே பொருந்திய முறையென்றால், பன்னிரண்டு அகவைப் பிள்ளைக்கு மட்டும் பொருந்தாதா?

கீழ்வகுப்புகளுக்கு நகைக்கதையே ஏற்றது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், தமிழ் கற்பார்க்கு உரைநடைப் பயிற்சியாகப் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். அது 1822-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கும் மாணாக்கரும், தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி ஒருவனைக் காணோமென்று அழும் கூட்டமும் எந்த ஊர்ப் பிள்ளையையும் சிரிக்க வைக்கும். இந்தக் கதையை ஒருவன் சொல்லிவர, கொள்ளிக்கட்டை நீரைத் தொடும் இடத்தில் நிறுத்தி, அடுத்தவனைத் தொடரச் சொன்னால், கதைக்கு எது முந்தி, எது பிந்தி என்பது ஆசிரியர் சொல்லாமலே விளங்கும். சிரிப்பு எழவில்லையென்றால் வரிசை தவறிவிட்டது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பர்.

மேல்வகுப்புக்கு வேறு முறை. கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். முதலில் தூவலைத் தொடக் கூடாது. இருவர் இருவராக அமர்ந்து ஒருவன் சொல்ல மற்றவன் கேட்க வேண்டும். கேட்டவன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, கயிறு யாருடையது, குட்டியை மேலே கொண்டுவந்ததும் தாயாடு என்ன செய்தது என்பன போன்ற கேள்விகள் போதும். சொன்னவன் மறந்துவிட்ட செய்தியெல்லாம் அந்தக் கேள்விகளில் மீண்டு வரும். ஈழத் தமிழர் பேசுவதையே கதைப்பது என்பர். கதையும் பேச்சும் ஒன்றாயிருக்கும் அந்த நிலையிலேதான் எழுத்துத் தொடங்க வேண்டும். பிறகு ஒரே பத்தி, பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் போதும். நிகழ்ச்சி முழுவதையும் எழுத வேண்டாம். கயிறு ஆடிய அந்த நேரத்தை மட்டும் எழுதச் சொல்லலாம். தலைப்பு இறுதியில் வரட்டும்.

திருத்தும்போது ஆசிரியர் முதலில் கரிக்கோலை எடுக்காமல் கடைசி வரி வரை படித்து, கதையைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். கூழ் ஊற்றிய கிழவி யார் என்று கேட்டாலும் போதும். பிள்ளையின் முகம் மலரும். அதன்பின் ஒற்றுப்பிழையைத் திருத்தலாம். அயற்சொல்லின் கீழ்க் கோடிடலாம். கோடிட்ட சொல்லுக்கு ஈடு என்ன என்பதை வகுப்பு முழுவதும் சேர்ந்து தேடட்டும். ஆசிரியர்க்கே தெரியாத சொல்லும் வரும். தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. சந்தைக்கடை, பட்டறை, களத்துமேடு ஆகிய இடங்களில் கேட்டுவரப் பிள்ளைகளை ஏவலாம். அகரமுதலியில் ஏறாத நல்ல தமிழ்ச்சொல் இன்னும் அங்கே ஆள்வாரோடு இருக்கிறது. கிணற்றின் துலா, தொடி, கமலை, வால்கயிறு என்று கேட்டுவந்து பிள்ளை தன் ஏட்டில் எழுதும்போது, ஆட்டுக்குட்டி விழுந்த கிணறு அவன் பாட்டன் வெட்டிய கிணறாகிவிடும்.

அடுத்த கிழமை அதே பாடவேளையில், திருத்தி எழுதிய பத்தியை அவன் எழுந்து நின்று படிக்க வேண்டும். முதல் முறை குரல் நடுங்கும். கயிறு ஆடும் இடம் வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். பின்பலகையில் இருப்பவன் கழுத்தை நீட்டுவான். அப்போது ஆசிரியர் பேசாமல் ஓரமாக நிற்கலாம்.